கணினி மொழி கற்போர்க்குப் பயிற்சிக் கணக்குகள்

சங்கத்து அன்பர்கள் சிலர் நமது கடைக்கு வரும்போதும், கல்யாண விருந்துகளில் சந்திக்கும்போதும், ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டு வருகிறார்கள். "பையன் கணினி மொழி படிக்கிறான். பாடம் முடிந்துவிட்டது என்கிறான். ஆனால் கடைக்கு உபயோகமாக ஒன்றும் எழுதத் தெரியவில்லை. பழகுவதற்குக் கணக்குகள் எங்கேயாவது கிடைக்குமா?" என்பதே அக்கேள்வி. சிலர் பையனுக்காக அன்றித் தமக்காகவே கேட்கிறார்கள். அதை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுப் பையன்மேல் வைத்துக் கேட்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கூச்சப்பட யாதொரு காரணமும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் நாமே இதில் இறங்கி, தட்டுத் தடுமாறி, இப்போது சிறிது தூரம் வந்திருக்கிறோம்.

நாம் இத்துறையில் வல்லுநர் அல்லோம். பினாங்கில் மளிகைக் கடை நடத்துகிறோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆயினும் இன்று எந்தக் கடைக்குப் போனாலும் கல்லாப் பெட்டியின் இடத்தில் கணினி உட்கார்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, இ-இன்வாய்ஸ் முறையும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பேரேட்டைப் புரட்டி, விரல் வைத்துக் கூட்டி, பிழையைக் கண்டுபிடித்த நம் பெரியவர்களின் காலம் போய், திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பும் காலம் வந்துவிட்டது. இது நமக்கு மனத்துக்கு ஒவ்வவில்லை.

நமது தங்கை மகன் 2022ஆம் ஆண்டில் ஒரு வகுப்பில் பணம் கட்டி ஆறு வாரம் படித்தான். வகுப்பின் பெயர் இங்கே தேவையில்லை. முடிவில் அழகான சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுக் கடையிலேயே மாட்டியாயிற்று.

"மாமா, பாடமெல்லாம் முடிஞ்சிருச்சு. இனி எந்த ப்ரோகிராமும் எழுதலாம்" என்றான்.

"ரொம்பச் சந்தோஷம் மருமகனே. நம்ம பில்லுக்கு அஞ்சு காசு சரிக்கட்டுற கணக்கு இருக்கே, அதை எழுதிக் காட்டு பார்ப்போம்" என்றோம்.

இந்தக் கணக்கு நம் அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பில்லின் மொத்தத்தை 5 காசுக்குச் சரிக்கட்டி வாங்குகிறோம். கடைசி இலக்கம் 1 அல்லது 2 என்றால் கீழே இறக்கிவிட வேண்டும். 3, 4 என்றால் 5 ஆக ஏற்ற வேண்டும். 6, 7 என்றால் 5க்கு இறக்க வேண்டும். 8, 9 என்றால் அடுத்த 10க்கு ஏற்ற வேண்டும். கடையில் புதிதாகச் சேரும் பையன்கூட ஒரே நாளில் இதைப் பிடித்துக்கொள்வான். நம் மருமகனோ பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவன், கடை சாத்தும் வரையில் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வரியும் நகரவில்லை. பாவம், அவன் முகத்தைப் பார்க்க நமக்கே சங்கடமாகப் போயிற்று.

அவன் மக்குப் பிள்ளை அல்லன். அந்த ஆறு வாரமும் ஆசிரியர் எழுதினார், அவன் பார்த்தான். பார்த்ததைப் பார்த்தபடியே தட்டினான், ஓடிற்று. தானாக ஒரு வரியை யோசித்து எழுதும் சந்தர்ப்பம் ஒருநாளும் அவனுக்கு வாய்க்கவில்லை. கடைக்கு வந்த புதிதில் நாம் பொட்டலம் மடிக்கப் பழகியதை நினைத்துக்கொண்டோம். பெரியவர் மடிப்பதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். கூம்பு பிடிப்பது, நிரப்புவது, வாயை மடித்துச் செருகுவது எல்லாம் கண்ணுக்கு அத்துப்படி. நாமே மடித்த முதற் பொட்டலத்தில் பெருஞ்சீரகம் அடிவழியே வாடிக்கையாளர் காலடியில் கொட்டிற்று. ஐம்பது பொட்டலம் மடித்த பிறகுதான் நின்றது. மதரஸாவில் ஓதப் போன நாளிலும் அப்படியே. உஸ்தாது ஓதக் கேட்டதனால் மட்டும் நமக்கு ஓத வந்துவிடவில்லை. நாம் ஓத, அவர் பிழை பிடித்துத் திருத்த, மறுபடியும் ஓதியதனால் வந்தது.

ஆகவே, பாடம் கிடைக்குமிடம் வேறு, பயிற்சி கிடைக்குமிடம் வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பாடம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நமக்கு வேண்டியது, சிறிய கணக்காகக் கொடுத்து, நாம் எழுதியதை உடனே சோதித்து, "இது சரி, இது தவறு" என்று முகத்துக்கு நேரே சொல்லும் இடம். விடையை முன்கூட்டியே காட்டிவிடும் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கத்தில் நமக்கு ஆகாது.

அடுத்தது, ஒரே மொழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாமும் மருமகனும் பைத்தான் மொழியை எடுத்துக்கொண்டோம். நெதர்லாந்து நாட்டினரான குய்டோ வான் ரோசம் என்பவர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி இது. மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'மான்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரைத்தான் அவர் விளையாட்டாக வைத்தார். காசு கொடுக்க வேண்டியதில்லை. பைத்தான் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். எழுதிப் பார்ப்பதற்கு 'ஐடில்' என்ற சிறு கருவியும் கூடவே வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் பைத்தான் நூல் ஒன்றை மலிவாக வாங்கி வந்து, அதிலுள்ள முதற் பயிற்சியே ஓடாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, அது இரண்டாம் பதிப்பு மொழிக்கு எழுதிய நூல் என்று. அந்தப் பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது வழக்கில் உள்ளது பைத்தான் 3. நூலை வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'பிரிண்ட்' என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறி இருந்தால் புதிது. அடைப்புக்குறி இல்லாமல் நேரே மேற்கோள்குறி வந்தால் பழையது. பழையதை விட்டுவிட்டு வேறு நூல் பார்ப்பது நல்லது.

நிற்க, பயிற்சி கிடைக்கும் இடங்களுக்கு வருவோம்.

நாம் முதன்முதலில் நுழைந்தது 'கோடிங்பேட்' என்ற தளம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நிக் பார்லான்டே அமைத்தது. பார்வைக்கு மிகவும் எளிமை. படமில்லை, பாட்டில்லை, பரிசில்லை. ஜாவா, பைத்தான் என்னும் இரண்டு மொழிகளுக்கு மட்டுமே கணக்குகள் உள்ளன. பதிவு செய்துகொள்ளாமலே போட்டுப் பார்க்கலாம். கணக்கு இரண்டு மூன்று வரிகளில் இருக்கும். நாம் விடை எழுதிப் பொத்தானை அழுத்தினால், பக்கத்தில் ஒரு பட்டியல் விரியும். இந்த எண்ணைக் கொடுத்தால் இன்ன விடை வரவேண்டும், உமது நிரல் கொடுத்த விடை இது, சரி அல்லது தவறு என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும்.

அதில் 'லாஜிக் 2' என்ற பிரிவில் ஒரு சாக்லேட் கணக்கு உண்டு. நம் தொழிலுக்கு அது சொந்தக் கணக்கு போலவே இருக்கும். 1 கிலோ சிறு கட்டிகள் சில, 5 கிலோ பெருங் கட்டிகள் சில கைவசம் உள்ளன. கேட்ட எடைக்குப் பெருங் கட்டிகளை முதலில் வைத்துவிட்டு, மீதிக்கு எத்தனை சிறு கட்டி வேண்டும் என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் 1க்குக் கழித்தல்குறி போட்டுத் திருப்பித் தரவேண்டும். சிறியது 4, பெரியது 1, கேட்டது 9 கிலோ என்றால் விடை 4. கேட்டது 10 கிலோ என்றால் முடியாது.

தராசு பிடித்த கை ஆதலால் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவோம் என்று எண்ணினோம். கேட்ட எடையிலிருந்து பெருங் கட்டிகளின் எடை முழுவதையும் கழித்துவிட்டோம். பட்டியலில் மேலே நாலைந்து வரிகள் சரி என்று வந்தன. கீழே சில வரிகள் தவறு. காரணம் விளங்கவில்லை. இரவு படுக்கையில்தான் உறைத்தது: கேட்டது 7 கிலோ, கைவசம் பெருங் கட்டி மூன்று இருந்தால், எவன் மூன்றையும் தட்டில் வைப்பான்? ஒன்றை மட்டும்தானே வைப்பான்! கடையில் கை தானாகச் செய்வதைக் கணினிக்குச் சொல்ல மறந்துபோனோம். இந்த ஒரு கணக்கு நமக்குக் கற்பித்ததை அந்த ஆறு வார வகுப்பு மருமகனுக்குக் கற்பிக்கவில்லை என்றால் மிகையாகாது.

கோடிங்பேட்டில் ஒரு மாதம் பழகிய பின்னர் போகவேண்டிய இடம் 'எக்ஸர்சிசம்' என்பது நமது அபிப்பிராயம். காட்ரினா ஓவன் என்ற அம்மையார் 2013ஆம் ஆண்டில் தொடங்கியது. லாப நோக்கில்லாத அமைப்பு. எழுபதுக்கும் மேற்பட்ட கணினி மொழிகளுக்கு அங்கே பயிற்சிகள் உள்ளன, கட்டணம் இல்லை. கணினியில் ஒன்றையும் ஏற்றாமல் தளத்திலேயே எழுதிச் சோதிக்கும் வசதியும் உண்டு. பைத்தான் வரிசையில் நாணயமாற்றுக் கணக்கு ஒன்று தொடக்கத்திலேயே வருகிறது. கையிலுள்ள பணத்தை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும், எத்தனை நோட்டு வரும், நோட்டாக மாற்ற முடியாத மீதி எவ்வளவு என்றெல்லாம் படிப்படியாகக் கேட்கும். நாணயமாற்றுத் தொழிலில் உள்ள நம் அன்பர்கள் அதைச் சிரித்துக்கொண்டே போடுவார்கள். லீப் ஆண்டுக் கணக்கும் உண்டு. நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் எழுதினால் 1900ஆம் ஆண்டில் மாட்டிக்கொள்வீர்கள். 2000 லீப் ஆண்டு, 1900 அன்று. ஏன் என்பதைக் கணக்கே விளக்கும்.

இந்தத் தளத்தில் நாம் மிகவும் மதிப்பது மற்றொன்று. நம் விடை சோதனையில் தேறிய பின்னர்தான் மற்றவர்கள் அதே கணக்கை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது பிரயோஜனப்படும். அங்கே அது ஏராளமாகக் கிடைக்கிறது. அதற்கும் மேலாக, விரும்பிக் கேட்டால் தொண்டர் ஒருவர் நம் நிரலைப் படித்துக் கருத்தும் எழுதுவார். நமக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கேயோ ஒரு தேசத்தில் இருக்கும் முகம் தெரியாத மனிதர், "சரியாக இருக்கிறது, ஆனால் ஒரே காரியத்தை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்களே" என்று மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தார். அதைக் கல்லாவில் வைத்தே இரண்டு முறை படித்தோம்.

மூன்றாவது இடம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பைத்தான் பாடம். டேவிட் மாலன் நடத்துவது. பாடமும் பயிற்சிகளும் இலவசம். அந்தப் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பாடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடாமல், ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் உள்ள பயிற்சிகளையே குறியாகக் கொள்ள வேண்டும். குளிர்பானம் விற்கும் இயந்திரக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு புட்டி 50 காசு. இயந்திரம் 25, 10, 5 காசுகளை மட்டுமே ஏற்கும். வேறு நாணயம் போட்டால் கணக்கில் சேர்க்காது. இன்னும் எவ்வளவு போடவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி, முடிவில் பாக்கி கொடுக்க வேண்டும். இன்னொன்று மளிகைப் பட்டியல் கணக்கு. வாடிக்கையாளர் ஒவ்வொரு சாமானாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, எந்தச் சாமான் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, அகரவரிசையில் அடுக்கிக் காட்டவேண்டும். தொலைபேசியில் சாமான் சொல்லும் நம் பழைய வாடிக்கையாளர்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். எழுதிய நிரலை அனுப்பினால் இயந்திரமே திருத்தித் தருகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 'கோட்வார்ஸ்' தளத்தில் கணக்குகளுக்குக் கராத்தேயில் உள்ளது போல 8 முதல் 1 வரை படி உண்டு. 8 தான் சுலபம், அதில் தொடங்க வேண்டும். 'ப்ராஜெக்ட் ஆய்லர்' 2001 முதல் நடந்து வருகிறது. முதற் கணக்கு எல்லாரும் போடலாம்: 1000க்குக் கீழே 3 அல்லது 5 ஆல் வகுபடும் எண்களைக் கூட்டவேண்டும். ஆனால் போகப் போகக் கணிதப் பேராசிரியருக்கு உரிய கணக்குகளாகிவிடும், நமக்கு அது வேண்டாம். 'லீட்கோட்' வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வோருக்கு உரியது. முதல் மாதத்திலேயே அதில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, "நமக்கு மூளை போதாது" என்று அவர்கள் எண்ணும்படி செய்துவிடாதீர்கள். நூல் வேண்டுவோர் ஆல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டமேட் தி போரிங் ஸ்டஃப்' என்ற நூலை ஆசிரியரின் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். எக்செல் கோப்புகளைக் கையாளும் அத்தியாயம் அதில் உண்டு. கடைக்காரருக்கு அந்த ஓர் அத்தியாயமே போதும் என்போம்.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. நம் இடைநிலைப் பள்ளிகளில் 2017 முதல் 'அசாஸ் சைன்ஸ் கொம்புத்தர்' என்ற பாடம் நடந்து வருகிறது. அதன் பாடநூல்களில் மலாய் மொழியிலேயே பயிற்சிகள் உள்ளன. பிள்ளைகள் படித்து முடித்துப் பரண்மேல் போட்ட நூல்களைத் தூசு தட்டி எடுங்கள். மலாய் நமக்கு வியாபார மொழி, தடுமாற்றம் இராது. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட 'எழில்' என்ற கணினி மொழியையும் முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கியிருக்கிறார். அதில் 'பிரிண்ட்' என்பதற்குப் 'பதிப்பி' என்று எழுதலாம். சிறு பிள்ளைகளுக்கு அடிப்படையை உணர்த்த மிகவும் நல்லது. மேலே போகப் பைத்தானுக்கு வரத்தான் வேண்டியிருக்கும்.

பழகும்போது வரும் தொல்லை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பிழைச் செய்தி சிவப்பெழுத்தில் வந்து விழுந்தவுடன் பலர் கணினியை மூடிவிடுகிறார்கள். அந்தச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கவேண்டும். பிழை இன்னது என்று கடைசி வரியும், எத்தனையாவது வரியில் என்று அதற்கு மேலும் சொல்லியிருக்கும். பிழைச் செய்தியே வராத பிழைதான் அபாயம். நாம் எழுதிய முதல் கூட்டல் நிரலில் 5 வெள்ளியும் 5 வெள்ளியும் சேர்ந்து 55 வெள்ளி ஆயிற்று. விசைப்பலகையில் தட்டுவதைப் பைத்தான் எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். 'எண்ணாக மாற்று' என்று நாம் சொல்லவேண்டும். அப்படி வியாபாரம் நடந்தால் நல்லதுதான் என்று மருமகன் சிரித்தான். இம்மாதிரிச் சமயங்களில் 'பைத்தான் டியூட்டர்' என்ற தளத்தில் நம் நிரலை ஒட்டினால், ஒவ்வொரு வரி ஓடும்போதும் உள்ளே எது என்னவாக மாறுகிறது என்று படம் போட்டுக் காட்டும்.

இக்காலத்துப் பிள்ளைகள் இத்தனையும் எதற்கு என்று கேட்பார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்ட மாத்திரத்தில் நிரல் முழுவதையும் அதுவே எழுதித் தருகிறது. வாஸ்தவம். நாமும் அதை உபயோகிக்கிறோம். ஆனால் நாம் அதனிடம் விடை கேட்பதில்லை, கணக்குக் கேட்கிறோம். "மளிகைக் கடை சம்பந்தமாக, புதிதாகக் கற்பவர் போடத்தக்க பத்துக் கணக்குகள் கொடு, விடை சொல்லாதே" என்றால் நன்றாகவே கொடுக்கிறது. மாட்டிக்கொண்டால் ஒரு சிறு குறிப்பு மட்டும் கேட்கலாம். அது சொல்லுவதிலும் பிழை வருவதுண்டு. பிழையைக் கண்டுகொள்ளும் திறமை நம்மிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடையில் நடந்ததையே எழுதுகிறோம்.

மேற்சொன்ன ஐந்து காசுக் கணக்கை மருமகன் விடவில்லை. கோடிங்பேட்டில் இரண்டு வாரம் பழகிய பிறகு, அவனே உட்கார்ந்து, கடைசி இலக்கம் 1 ஆனால் இப்படி, 2 ஆனால் இப்படி என்று நீளமாக எழுதி முடித்தான். ஓடிற்று. சில மாதம் சென்று, எக்ஸர்சிசத்தில் வேறொரு கணக்குக்கு மற்றவர்கள் எழுதியிருந்த விடைகளைப் பார்த்து, மீதியை விட்டு வகுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்தான். அந்த நீளமான நிரல் முழுவதையும் அழித்துவிட்டு, காசுத் தொகையோடு 2 கூட்டு, 5 ஆல் வகுத்து மீதியை விட்டுவிடு, திரும்ப 5 ஆல் பெருக்கு என்று ஒரே வரியில் எழுதினான். 7.94 வெள்ளியைச் சோதிப்போம்: 794 காசு, 2 கூட்ட 796, 5 ஆல் வகுக்க 159, பெருக்க 795. சரி!

'காசுத் தொகை' என்றதைக் கவனிக்க வேண்டும். வெள்ளியில் புள்ளி வைத்துக் கணக்கிட்டால் பைத்தானில் மட்டுமல்ல, பெரும்பாலான கணினி மொழிகளிலும் வம்பு. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். 0.3 என்று வராது, 0.30000000000000004 என்று வரும். கணினி உள்ளே இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால் 0.1ஐ முழுமையாகப் பிடித்து வைக்க முடிவதில்லை. பைத்தானின் 'ரவுண்ட்' கட்டளையும் 2.5ஐ 3 ஆக்காமல் 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும். நடுவில் நிற்பதை இரட்டைப் படை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். ஆகவே பணக் கணக்கைக் காசிலேயே, முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது உத்தமம்.

2023ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, நெடுங்காலமாக நம்மிடம் வாங்கும் மலாய் மூதாட்டி ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, நான் கூட்டினால் 5 காசு குறைவாக வருகிறதே" என்றார். கல்லா நிரல் ஒரு வியாபாரியிடம் விலைக்கு வாங்கியது, தவறு வராது என்ற நம்பிக்கையில், அவர் மனக்கணக்கில்தான் பிசகு என்று நினைத்தோம். மருமகன் பில்லை வாங்கிப் பார்த்தான். வெங்காயம் 1.98, பருப்பு 2.48, மிளகாய் 3.48. மொத்தம் 7.94, சரிக்கட்டினால் 7.95 வரவேண்டும். பில்லில் 8 வெள்ளி என்று இருந்தது.

"மாமா, இது மொத்தத்தைச் சரிக்கட்டல. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாச் சரிக்கட்டுது. ரெண்டு, ரெண்டரை, மூணரை, எட்டு வெள்ளி!" என்றான்.

சரிக்கட்டல் பில்லின் மொத்தத்துக்கே உரியது, தனித்தனிச் சாமானுக்கு அன்று. அவன் சொல்லும் வரையில் அந்தப் பிழை நம் கண்ணில் படவேயில்லை. மூதாட்டிக்கு 5 காசைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நமக்குத்தான் அன்றிரவு தூக்கமில்லை. எத்தனை மாதம், எத்தனை பேர்! சிலரிடம் கூடுதலாக வாங்கியிருப்போம், சிலரிடம் குறைவாக வாங்கியிருப்போம். குறைந்தது நம் நஷ்டம், போகட்டும். கூடுதலாக வாங்கியதை யாரைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பது? மருமகன் பழைய பில்களை எக்செல் கோப்பாக எடுத்து, தானே ஒரு நிரல் எழுதி, ஒவ்வொரு பில்லையும் முறைப்படி மறுபடி கூட்டி, வித்தியாசத்தைக் கண்டுபிடித்தான். பெயர் தெரிந்த மாதக் கணக்குக்காரர்களுக்கு அவரவர் கணக்கில் வரவு வைத்தோம். பெயர் தெரியாதவர்களுக்கு உரியதைத் தனியே எடுத்துத் தர்மத்துக்குக் கொடுத்தோம். நிரல் விற்றவரிடம் அவன் எழுதிய கணக்கையே நீட்டினோம், மறுவாரம் திருத்திக் கொடுத்தார்.

ஆகையால், தளங்களில் கணக்குப் போட்டுக் கை சற்றுப் பழகியதும், கடையிலிருந்தே கணக்கு எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு முடிவேயில்லை. நமக்குப் பிடித்த சிலவற்றை இங்கே தருகிறோம்.

வாடிக்கையாளர் 13 வெள்ளி 65 காசு பாக்கி வாங்கவேண்டும். நோட்டும் நாணயமும் எண்ணிக்கையில் ஆகக் குறைவாக வருமாறு எவற்றைக் கொடுப்பது என்று நிரல் சொல்லவேண்டும். நம் நாட்டில் 100, 50, 20, 10, 5, 1 வெள்ளி நோட்டுகளும் 50, 20, 10, 5 காசு நாணயங்களும் உண்டு. இது முடிந்ததும், கல்லாவில் 10 வெள்ளி நோட்டு தீர்ந்துபோயிற்று என்று வைத்துக்கொண்டு மறுபடியும் எழுதவேண்டும். இரண்டாவதுதான் ருசியான கணக்கு.

25 கிலோ மூட்டை ஒன்று இன்ன விலைக்கு வாங்கினோம், சில்லறையாக நிறுத்து விற்றதில் சிந்தியதும் சிதறியதும் போக 24 கிலோ 600 கிராம்தான் விலைக்குப் போயிற்று. கிலோவுக்கு என்ன விலை வைத்தால் நூற்றுக்கு பத்து லாபம் நிற்கும்? முதல் முயற்சியில் நாம் 25ஆல் வகுத்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கடன் நோட்டு: ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர், தொகை. யார் யார் எவ்வளவு தரவேண்டும், அதில் முப்பது நாளைத் தாண்டியது எவ்வளவு? ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்போமே, அதை என்ன செய்வது? மருமகன் இதில்தான் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறான். விடையை எங்கும் கேட்கக்கூடாது என்று தனக்குத்தானே நிபந்தனை போட்டுக்கொண்டிருக்கிறான். நாமும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நமக்கும் அது இன்னும் சரிவரவில்லை.

இவற்றைப் போட்டுப் பார்க்கும் அன்பர்கள் மடிக்கணினியோடு கடைக்கு வரலாம். மாலை 3 மணியிலிருந்து 5 மணி வரையில் கூட்டம் குறைவு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் மின்சாரம் எடுக்க ஓர் இணைப்பும் வைத்திருக்கிறோம்.